மஞ்சள் ஸ்டிக்கர் ஸ்டெப்னியில் நூறைத் தாண்டலாமா?

கேள்வி இதுதான்: "சென்னையிலிருந்து திருச்சிக்குக் குடும்பத்தோடு போகும்போது திண்டிவனம் தாண்டியதும் பஞ்சர். ஸ்டெப்னி மற்ற டயர்களைவிடச் சின்னது, டிஸ்கில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி 80 என்று போட்டிருந்தது. ராத்திரி நேரம், ரோடு காலி, நூறு நூற்றிப்பத்தில் விட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. டயர் வெடித்திருக்கும் என்று மச்சான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார். அந்த 80 நிஜமான எல்லையா, இல்லை கம்பெனிக்காரன் தன் பாதுகாப்புக்குப் போட்டுக்கொண்டதா? போலீஸ் பிடிப்பார்களா? இன்ஷூரன்ஸ் என்ன ஆகும்?"

மச்சான் திட்டியது சரி, சொன்ன காரணம்தான் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. வெடிப்பதும் நடக்கும், அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் நல்ல காற்றோடு, நல்ல நிலையில் இருக்கிற ஸ்டெப்னி நூறில் போனவுடன் பட்டென்று வெடித்துவிடாது. அதனால்தான் உங்களைப் போலப் பலர் போய்ச் சேர்ந்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார்கள். நேரான ரோட்டில், காய்ந்த தரையில், பிரேக் பலமாக மிதிக்காதவரை ஒன்றும் ஆகாதுதான். பிரேக் மிதிக்க வேண்டிய அந்த ஒரு நொடிக்காகத்தான் அந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள்.

நான் பதினாலு வருஷம் ஒர்க்ஷாப்பில் இருந்தவன், கடைசி ஆறு வருஷம் விபத்து வண்டிகளுக்கு எஸ்டிமேட் போடுகிற மேஜையில். ஒரு ஐப்பசி மழையில் மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஒரு செடான் வண்டியை டோ செய்து கொண்டுவந்தார்கள். முன் இடது சக்கரத்தில் ஒல்லியான ஸ்டெப்னி, வண்டியின் வலது முன்பக்கம் முழுக்க நொறுங்கியிருந்தது, மீடியனில் ஏறியிருக்கிறது. ஓட்டியவர் நாற்பது வயதுக்காரர், நிதானமான ஆள்தான். "முன்னால் லாரி பிரேக் போட்டான், நானும் போட்டேன், வண்டி தானாக வலது பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது சார்" என்றார். ஸ்டெப்னியில் காற்று அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லை. அது வெடிக்கவே இல்லை. முன்சக்கரம் இரண்டில் ஒன்று ஈரத் தரையை நன்றாகப் பிடித்தது, மற்றொன்று பாதிதான் பிடித்தது, பிடித்த பக்கம் வண்டி திரும்பியது, அவ்வளவுதான். ஏபிஎஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார், நொறுங்கிய பக்கத்தைச் சுற்றிப் பார்த்தார், ஆனால் முதலில் போட்டோ எடுத்தது பம்பரை அல்ல. இந்தப் பக்கம் வந்து குனிந்து அந்த மஞ்சள் ஸ்டிக்கரை எடுத்தார், பிறகு கொஞ்சம் கிட்டப் போய் இன்னொன்று எடுத்தார். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் இந்தக் கேள்விக்கு என் பதில் முடிவானது.

சரி, ஸ்டெப்னி என்றால் எல்லாம் ஒன்றல்ல, முதலில் உங்களுடையது எது என்று பாருங்கள். மற்ற நான்கின் அதே அளவு, ஸ்டிக்கர் எதுவும் இல்லை என்றால் இந்த 80 கதை உங்களுக்கு இல்லை. இரண்டாவது வகை இப்போது நம் ஊர் வண்டிகளில் நிறைய வருகிறது: டாப் மாடலுக்கு 17 அங்குல அலாய், டிக்கியில் மட்டும் 16 அங்குல இரும்பு டிஸ்க். பார்க்க சாதாரண டயர்தான், ஆனால் விட்டம் வேறு. மூன்றாவதுதான் அசல் தற்காலிக ஸ்டெப்னி, மொபெட் டயரைக் காருக்கு மாட்டியது போல ஒல்லியாக இருக்குமே, அது. அதன் பக்கவாட்டில் அளவுக்கு முன்னால் ஆங்கில டி எழுத்து இருக்கும், டி125/70 என்பது போல. டி என்றால் டெம்பரரி. பின்னிரண்டு வகையிலும் 80 ஸ்டிக்கரைப் பார்க்கலாம்.

ஸ்டெப்னி என்ற பெயரே ஒரு வேடிக்கை. வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று, அங்கே கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் செய்து விற்ற சாமான் அது. அந்தக் காலத்து மோட்டார் வண்டிகள் மாற்றுச் சக்கரம் இல்லாமலேயே வந்தன. ஆரக்கால் இல்லாத வெறும் வளையத்தில் காற்றடித்த டயரைப் போட்டு, பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே கிளாம்ப் வைத்துக் கட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டும். ஆக, முதல் ஸ்டெப்னியே தற்காலிக ஸ்டெப்னிதான். இங்கிலாந்துக்காரனே மறந்துபோன பெயரை நாம் பஞ்சர் கடைக்குப் பஞ்சர் கடை உச்சரித்துக்கொண்டிருக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். அளவு வித்தியாசம் என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 215/60 ஆர்17 டயரின் விட்டம் ஏறக்குறைய 690 மில்லிமீட்டர். 205/65 ஆர்16 டயர் 673. பதினேழு மில்லிமீட்டர், இரண்டு விரல் அகலம்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சின்னது பதினோரு பன்னிரண்டு சுற்று அதிகம் சுற்றும். திண்டிவனத்திலிருந்து திருச்சி சுமார் 200 கிலோமீட்டர் என்றால் 2,300 சுற்றுக்கு மேல். அந்த வித்தியாசம் முழுவதையும் டிஃபரன்ஷியலில், அதாவது இடது வலது சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பெட்டியில், இருக்கிற சின்னப் பல்சக்கரங்கள் சமாளிக்க வேண்டும், அதுவும் இன்ஜின் இழுக்கிற சக்கரத்தில் ஸ்டெப்னியை மாட்டியிருந்தால். வளைவில் திரும்பும்போது சில நொடி வேலை செய்வதற்காக வைத்த பல்சக்கரம் அது, இரண்டு மணி நேரம் நிற்காமல் சுற்றினால் சூடாகும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் நடுவில் இருக்கிற கப்ளிங்குக்கும் இதே பாடுதான், அந்த வண்டிக்காரர்கள் கையேட்டைப் படிக்காமல் ஸ்டெப்னியைத் தொடக் கூடாது. டி வகை ஒல்லி டயரில் விட்ட வித்தியாசம் இன்னும் கூடுதலாகவே இருக்கும். ஏபிஎஸ், வண்டி சறுக்காமல் பிடித்து வைக்கிற ஈஎஸ்சி எல்லாம் சக்கரங்களின் சுற்றை ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கின்றன. ஒன்று மட்டும் எப்போதும் வேகமாகச் சுற்றினால், ஒரு அளவுக்கு மேல் குழம்பி எச்சரிக்கை விளக்கு எரியும், சில வண்டிகளில் வேலையையே நிறுத்திக்கொள்ளும். டயர் காற்று விளக்கு எரிவது தனிக்கதை, ஸ்டெப்னிக்குள் பெரும்பாலும் சென்சாரே இருக்காது.

ரப்பரும் குறைவு. புது சாதாரண டயரில் பட்டன் ஆழம் ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கும், டி வகையில் புதிதாக இருக்கும்போதே அதில் பாதிகூட இருக்காது. மழையில் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வழி கம்மி. வேகத்தைப் பொறுத்தவரை ஸ்கூல் பாடம்தான்: 80-ல் இருக்கிற வண்டியை நிறுத்துவதைவிட 110-ல் இருக்கிறதை நிறுத்த ஏறக்குறைய இருமடங்கு வேலை, சரியாகச் சொன்னால் 1.9 மடங்கு. அந்த வேலையை மூன்றே முக்கால் சக்கரத்தை வைத்துச் செய்கிறீர்கள்.

இந்த இடத்தில் விவரம் தெரிந்த ஒருவர் கை தூக்குவார்: "டயரின் பக்கவாட்டில் 95எம் என்று இருக்கிறதே, எம் என்றால் 130 கிலோமீட்டர் வேகம் தாங்கும் என்றுதானே அர்த்தம்?" நல்ல கேள்வி. டயரில் இருக்கிற எம், அந்த ரப்பரும் நூலும் எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்று சொல்கிறது. டிஸ்கில் இருக்கிற 80, மூன்று நல்ல டயரும் ஒரு ஒல்லி டயரும் மாட்டிய வண்டி எவ்வளவு வேகம் வரை ஓட்டுகிறவர் சொன்னபடி கேட்கும் என்று சொல்கிறது. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில். ஐரோப்பாவில் இதற்கென்றே ஐநா விதி 64 என்று ஒன்று இருக்கிறது. தற்காலிக ஸ்டெப்னியில் வேக எச்சரிக்கை கண்ணில் படுகிற மாதிரி இருக்க வேண்டும், மாட்டிய பிறகும் தெரிய வேண்டும், டயரோ டிஸ்கோ பளிச்சென்று வேறு நிறமாகத் தெரிய வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் வருகிறது. நம் ஊரில் ஏஐஎஸ்-110 என்ற தரநிலை இதே வேலைக்கு. ஆக, கம்பெனிக்காரன் இஷ்டத்துக்கு ஒட்டிய ஸ்டிக்கர் அல்ல அது.

வெடிப்பதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அது காற்று விஷயம். டி வகை ஸ்டெப்னிக்கு 60 பிஎஸ்ஐ வேண்டும், மற்ற டயர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 95 என்ற எண்ணுக்கு 690 கிலோ தாங்கும் என்று அர்த்தம், ஆனால் அந்த 60 இருந்தால்தான். டிக்கியில் கிடக்கிற டயரிலிருந்து மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாகவே இறங்கும். நாலு வருஷம் யாரும் தொடவில்லை என்றால் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காற்று குறைந்த டயரில் ஐந்து பேரையும் தீபாவளி மூட்டைகளையும் ஏற்றி நூறில் விட்டால் பக்கவாட்டு நசுங்கி நசுங்கி விரியும், உள்ளே சூடேறும், அப்போது மச்சான் சொன்னது நடக்கும்.

இதில் இன்னொரு கூத்து உண்டு, நானே கண்ணால் பார்த்தது. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிற ஆட்டோமேட்டிக் மெஷினில் 33 என்று செட் செய்து வைத்திருப்பார்கள், வருகிற எல்லா வண்டிக்கும் அதேதான். ஒருவர் பொறுப்பாக ஸ்டெப்னியையும் செக் பண்ணச் சொன்னார். பையன் ஓஸை மாட்டினான், மெஷின் புஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டே 58-லிருந்து 33-க்கு இறக்கிவிட்டு டிங் என்று மணியடித்தது. "ஓகே சார்" என்றான் பையன். செக் பண்ணாமல் இருந்தாலே நன்றாக இருந்திருக்கும்! பக்கவாட்டில் எழுதியிருக்கிற அளவைக் காட்டி, மெஷினில் அந்த எண்ணைப் போடச் சொல்ல வேண்டும்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத டயரும் வயதாகும், பத்து வருஷம் ஆனது என்றால் ஸ்டெப்னியாக இருந்தாலும் தூக்கிப் போடச் சொல்லித்தான் பெரிய டயர் கம்பெனிகள் சொல்கின்றன.

இப்போது சட்டம். போலீஸ் பிடிப்பார்களா என்பதற்குப் பதில் சின்னது: வழியில் நிறுத்தி "ஸ்டெப்னியில் 85-ல் வந்தாய்" என்று அபராதம் போடுவதை நான் பார்த்ததில்லை. ஸ்பீடு கேமராவுக்கு ரோட்டின் வேக எல்லைதான் தெரியும், உங்கள் டிஸ்கில் ஒட்டியிருப்பது தெரியாது. ரோட்டின் எல்லையைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவு, காருக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய், அது எந்த டயராக இருந்தாலும் உண்டு. இதோடு விஷயம் முடிந்தது என்று நினைக்கிற இடத்தில்தான் தப்பு நடக்கிறது.

ஏதாவது ஆகிவிட்டது என்று வையுங்கள். ஒருவருக்கு அடிபட்டால் கேஸ் பதிவாகும், மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து வண்டியைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமா இல்லையா என்பதுதான் அந்தத் தாளின் முக்கியமான வரி. எந்தச் சக்கரத்தில் என்ன டயர் என்பது அவர் கண்ணில் படாமல் போகாது. அப்புறம் இரண்டு பிரிவுகள் உயிர் பெறும். ஒன்று 184, ஆபத்தாக ஓட்டுவது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதில் ஒரு விளக்கம் சேர்ந்திருக்கிறது, தகுதியும் கவனமும் உள்ள ஓட்டுநரிடம் எதிர்பார்க்கிற தரத்துக்கு மிகவும் கீழே ஓட்டினால் அதுவும் ஆபத்தாக ஓட்டுவதுதான் என்று. முதல் தடவைக்கே ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் சிறை, அல்லது ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் அபராதம், அல்லது இரண்டும். மற்றொன்று 190, பாதுகாப்பில்லாத நிலையில் வண்டியை ஓட்டுவது. அந்தப் பிரிவின் வாசகம் கவனிக்க வேண்டியது: ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருந்த குறை, அல்லது சாதாரணக் கவனம் இருந்தாலே தெரிந்திருக்கக்கூடிய குறை. சாதாரணமாக 1,500 ரூபாயோடு போய்விடும், விபத்தாகி யாருக்காவது காயமோ பொருள் சேதமோ ஆனால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 அபராதம் அல்லது இரண்டும்.

ஸ்டெப்னி மாட்டுவதே குறை என்று நான் சொல்லவில்லை, யாரும் சொல்ல முடியாது, கம்பெனி கொடுத்த சாமான் அது. ஆனால் 80 என்று எழுதி மாட்டியதை 110-ல் ஓட்டினீர்கள் என்றால், "எனக்குத் தெரியாது" என்ற ஒரே தப்பிக்கும் வழியை அந்த மஞ்சள் ஸ்டிக்கர் அடைத்துவிடுகிறது என்பது என் கருத்து. நட்டு முறுக்கும்போது அது உங்கள் மூக்குக்கு அரை அடியில் இருந்தது. உயிர்ச்சேதம் என்றால் கவனக்குறைவால் மரணம், பாரதிய நியாய சன்ஹிதாவில் 106(1), ஐந்து வருஷம் வரை. பழைய 304ஏ-வில் இரண்டு வருஷமாக இருந்தது, 2024 ஜூலையிலிருந்து இது.

இன்ஷூரன்ஸில் இரண்டு பகுதியைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நீங்கள் இடித்த அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டிய தேர்ட் பார்ட்டி இழப்பீட்டில், கம்பெனி கைகழுவ எடுக்கக்கூடிய காரணங்களைச் சட்டத்தின் 150-வது பிரிவு எண்ணி வைத்திருக்கிறது: லைசென்ஸ் இல்லாதது, குடித்துவிட்டு ஓட்டியது, ரேஸ் விட்டது, இப்படி. டயரின் நிலை அந்தப் பட்டியலில் இல்லை. ஆக அடிபட்டவருக்குப் பணம் போகும். உங்கள் வண்டியின் சேதம்தான் இழுபறி. பாலிசியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும், வண்டியைச் சேதத்திலிருந்து காக்க நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும், நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்று. சர்வேயர் அந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்தது இதற்காகத்தான். நான் சொன்ன மதுராந்தகம் வண்டிக்கு கிளெய்மை அடியோடு மறுக்கவில்லை, ஆனால் விளக்கம் கேட்டுக் கடிதம், பதில் கடிதம் என்று மூன்று மாதம் வண்டி எங்கள் ஷெட்டில் தூசி படிந்து நின்றது, கடைசியில் தொகையைக் குறைத்துத்தான் கொடுத்தார்கள். நிபந்தனை மீறல் இருந்தாலும் முழுசாக மறுக்காமல் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது, நுகர்வோர் மன்றத்துக்குப் போகிறவர்கள் அதைத்தான் காட்டுகிறார்கள். மீதி 25 உங்கள் பாக்கெட்டிலிருந்து. இதில் டயருக்கு மட்டும் பாதிதான் தருவார்கள், அதுவும் வண்டியும் சேர்ந்து சேதமாகியிருந்தால்.

ஸ்டெப்னியே இல்லாமல் வருகிற வண்டிகளையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2020 விதித் திருத்தத்துக்குப் பிறகு டியூப்லெஸ் டயர், காற்று அழுத்தம் காட்டும் சென்சார், பஞ்சர் கிட் இருந்தால் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. அந்தப் பசை கிட்டிலும் ஒரு 80 ஸ்டிக்கர் இருக்கும், ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டச் சொல்லி. யாரும் ஒட்டுவதில்லை.

அடுத்த தடவை பஞ்சரானால் எந்தச் சக்கரத்தில் ஸ்டெப்னியை மாட்டுவது என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நம் கார்களில் பெரும்பாலும் முன்சக்கரம்தான் இழுக்கிறது, ஸ்டீயரிங்கும் அதில்தான், பிரேக்கின் பெரும் பங்கும் அதில்தான். முன்டயர் போனால், பின்டயர் ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டுவிட்டு ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டுங்கள். ஜாக்கியை இரண்டு இடத்தில் வைக்க வேண்டும், இருபது நிமிஷம் கூடுதல் வேலை, சட்டை அழுக்காகும். ஆனால் ராத்திரி நேரத்தில் ரோட்டோரம் அந்த இருபது நிமிஷமே ஆபத்து என்றால் வேண்டாம். முன்னாலேயே மாட்டி, 60-ல் ஊர்ந்து, வெளிச்சமும் இடமும் இருக்கிற பங்க் ஏதாவது வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். நிறுத்தும்போது முக்கோண ரிஃப்ளெக்டரை ஐம்பது மீட்டராவது பின்னால் தள்ளி வையுங்கள், ஆட்களை வண்டியிலிருந்து இறக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அடித்தால் ரோந்து வண்டி வரும். அலாய்க்கு உள்ள நட்டு இரும்பு டிஸ்குக்குச் சேருமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், சில வண்டிகளில் இரும்புக்கு வேறு நட்டு கொடுத்திருப்பார்கள். ஐம்பது கிலோமீட்டர் போனதும் ஒரு தடவை நிறுத்தி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், கால் திருப்பாவது முறுகும்.

உங்கள் பயணத்துக்கே கணக்குச் சொல்லட்டுமா? அந்த 200 கிலோமீட்டரை எங்கும் நிற்காமல் சீராக 110-ல் ஓட்டினால் ஒரு மணி 49 நிமிஷம், 80-ல் ஓட்டினால் இரண்டரை மணி நேரம். நீங்கள் மிச்சம் பிடித்தது 41 நிமிஷம். விக்கிரவாண்டி, விழுப்புரம், உளுந்தூர்பேட்டை என்று வழிநெடுக லாரிக்காரர்களுக்காக விடிய விடியத் திறந்திருக்கிற பஞ்சர் கடைகள் உண்டு, டியூப்லெஸ்ஸுக்குக் குச்சி ஏற்றித் திரும்ப அலாயை மாட்டிவிட அரை மணி நேரம் போதும். பக்கவாட்டில் வெட்டு விழுந்து ஒட்ட முடியாத டயராக இருந்தால்தான் ஸ்டெப்னியிலேயே போக வேண்டியிருக்கும். அப்படி என்றால் க்ரூஸ் கன்ட்ரோலை 75-ல் போட்டு இடது ட்ராக்கில் லாரிகளோடு போங்கள், பின்னால் வருகிறவன் லைட் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும். காலையில் திருச்சியில் டயர் கடை திறந்ததும் முதல் ஆளாக நில்லுங்கள், பழைய டயர் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அந்த ஆக்ஸிலுக்கு இரண்டாக வாங்கிவிடுங்கள்.